கடையடைத்த தெருவில் மரபு நடை

ஆகஸ்ட் மாதம் சென்னையில் மரபு நடைகளின் பருவம். 2004இல் மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் தொடங்கியபின் கோட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் என்று பரவிய பழக்கம் இது. குறை சொல்பவர்களுக்கு அண்மைக்காலமாக ஒரே பதில்தான் கிடைக்கிறது: “வெளியாள் யாரும் வந்து கதை சொல்லவில்லை, அந்தப் பேட்டைக்காரரே நடத்துகிறார்.” இந்த ஒரு தகுதி போதும் என்று பலரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஜார்ஜ் டவுன் விஷயத்தில் என்னால் ஏற்க முடியவில்லை.

நடைகளால் நன்மை உண்டு. பழைய கட்டடம் என்றாலே இடிக்க வேண்டியது என்று இருந்த ஊரில், நின்று நிமிர்ந்து பார்க்கும் வழக்கத்தை இவை உண்டாக்கின. எஸ். முத்தையா சென்னை வரலாற்றைப் பல்லாண்டு எழுதி எழுதி ஏற்படுத்திய ஆர்வத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்ததும் இவைதான். பெரும்பாலும் உழைப்போடு தயாரிக்கிறார்கள், கட்டணமும் அதிகமில்லை. இதெல்லாம் சரி.

என் மறுப்பு கிழமையைப் பற்றியது. ஜார்ஜ் டவுன் நடை ஏறக்குறைய எப்போதும் ஞாயிறு காலையில் நடக்கிறது. ஆறரை, ஏழு மணிக்குக் கூடி ஒன்பதுக்குள் கலைந்துவிடுகிறார்கள். அப்போது கோடவுன் தெருவில் ஷட்டர்கள் இறங்கியிருக்கும். கல்யாணப் பத்திரிகைக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவிலும் ஆள் இருக்காது. லாரி இல்லை, மீன்பாடி வண்டி இல்லை, தலையில் மூட்டையோடு “வழி, வழி” என்று குரல் கொடுப்பவர் இல்லை. தெரு காலியாக இருப்பதால் தூண்களும் பால்கனிகளும் நன்றாகத் தெரிகின்றன, படமும் நன்றாக விழுகிறது. வேலை நாளில் நெரிசலில் நிற்க முடியாது, பேசுவது காதில் விழாது என்று நடத்துபவர்கள் காரணம் சொல்வார்கள். அந்த நெரிசல்தான் ஜார்ஜ் டவுன் என்கிறேன் நான்.

இந்த நகரம் துணிக்காக உண்டானது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், இங்கே துணி மலிவாகக் கிடைத்ததுதான். நெசவாளரும் சாயமிடுவோரும் வெளுப்போரும் தரகரும் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். அந்தப் பழைய கறுப்பர் பட்டணம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சுப் போர்களையொட்டி இடிக்கப்பட்டது. மக்கள் இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதிக்குத் தள்ளப்பட்டார்கள். கட்டடம் போயிற்று, கோயிலைக்கூட வேறிடத்தில் கட்ட வேண்டியிருந்தது. துணி வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. இன்றும் கோடவுன் தெருவில் மொத்த விலைக்குத் துணி விற்கிறார்கள். ஏறக்குறைய நான்கு நூற்றாண்டாகக் கைமாறி வரும் ஒரு தொழில், திங்கள் முதல் சனி வரை கண்ணெதிரே நடக்கிறது. அதை விட்டுவிட்டு, அது ஓய்ந்திருக்கும் ஒரே நாளில் பாரம்பரியத்தைத் தேடிப் போகிறோம்.

தெரு காலியானால் கதையும் மாறிவிடுகிறது. பேசுவதற்கு மிஞ்சுவன சுவரும் பெயர்ப்பலகையும்தான். தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி, கோவிந்தப்ப நாயக்கன் என்று தெருக்களின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். காளிகாம்பாள் கோயிலுக்கு 1677இல் சிவாஜி வந்ததாகச் சொல்லப்படுவது, 1772இல் எழும்பிய ஆர்மீனியர் தேவாலயம், சுவர் கட்டிய செலவை வரியாக வாங்கக் கம்பெனி முயன்ற வால்டாக்ஸ் சாலைக் கதை என்று வரிசையாக வரும். கேட்கச் சுவையானவைதான். ஆனால் முழுக்க முழுக்க முதலாளிகள், கம்பெனி, வந்துபோன பெரியவர்கள். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒவ்வொரு மூட்டையும் அலையைத் தாண்டி மசூலா படகில் வந்தது. அந்தப் படகோட்டிகள் இல்லாமல் கம்பெனிக்கு வியாபாரமே இல்லை. அவர்கள் பெயரில் தெரு இல்லை, ஆகவே நடையிலும் இடமில்லை. மூட்டை தூக்குகிறவரை வேலை நாளில் நேருக்கு நேர் பார்த்தால் படகோட்டியைப் பற்றிய கேள்வி தானாகவே எழும். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் அது தோன்ற வழியில்லை.

அண்மைக்கால வரலாறும் இதே கதியில்தான் இருக்கிறது. 1996இல் கொத்தவால்சாவடிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. காய்கறி மூட்டையை நம்பி வாழ்ந்த கூலிகள் என்ன ஆனார்கள்? யார் கூடவே போனார்கள், யார் தங்கி வேறு சுமை தேடினார்கள்? கேட்டால் சொல்வதற்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள். நடையிலோ “முன்பு இங்கே பெரிய சந்தை இருந்தது” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

பேட்டைக்காரர் என்ற தகுதிக்கு வருகிறேன். நடத்துபவரின் தாத்தா வீடு தங்கசாலைத் தெருவில் இருந்திருக்கலாம். குடும்பம் அண்ணா நகருக்கோ அடையாறுக்கோ போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அவருடைய நினைவு மதிப்புள்ளது, கேட்க வேண்டியதுதான். ஆனால் ஞாயிறு காலையிலும் அந்தத் தெருவை விட்டுப் போகாதவர்கள் உண்டு. என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் அதைச் சுற்றியும் நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. தலைமுறைகளாக இதே பேட்டை. மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தோடு இங்கேயே பிழைப்பவர்கள். வரலாற்றைக் கேட்க வந்தவர்கள், அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்களைச் சுற்றிக்கொண்டு அடுத்த தூணுக்குப் போகிறார்கள். இவர்களைவிட உள்ளூர்க்காரர் யார்? இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காத நடையை உள்ளூர்க்காரர் நடத்தும் நடை என்று சொல்வது பொய்.

கடுமையாகச் சொல்வதாகத் தோன்றலாம். இதில் விளைவு இருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். எது பாரம்பரியம் என்று நடையில் பழகிக்கொள்கிற படித்த கூட்டம்தான் பிறகு மனுப் போடுகிறது, பத்திரிகைக்கு எழுதுகிறது, குழுக்களில் உட்காருகிறது. முகப்பைக் காப்பாற்றச் சொல்லும் அந்தக் குரல், உள்ளே குடோன் நடத்துபவருக்கும் வாசலில் மூட்டை இறக்குபவருக்கும் அங்கே உரிமை உண்டா என்று கேட்பதில்லை. தொழில் மொத்தமும் புறநகருக்குப் போய், வண்ணம் பூசிய வீடுகளில் காபிக்கடை வந்தால் அதை வெற்றி என்றே எண்ணும்.

வேலை நாளில் நடத்த முடியாது என்பதும் உண்மையல்ல. முப்பது பேரை ஒலிபெருக்கியோடு அழைத்துப் போக முடியாது, அவ்வளவுதான். ஐந்தாறு பேர் போகலாம். பத்துத் தெருவைச் சுற்ற வேண்டாம், ஒரு தெருவின் ஒரு பக்கம் போதும். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு துணிப் பேல் லாரியிலிருந்து இறங்கிக் குடோனுக்குப் போய், பிரிந்து, சில்லறைக் கடைக்காரரின் பையில் ஏறும்வரை கூடவே போனால் போதும். விளக்கிச் சொல்ல வேண்டியவர் சுமை தூக்குபவர். அவர் பேசும் நேரத்தில் தூக்க முடியாமல் போகும் நடைக்கான கூலியை, வருபவர்களின் கட்டணத்திலிருந்து முதலில் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.