பேசாத சூசையும் பேசும் காப்பியமும்

வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்களில் புனித சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கிப் பாடுகிறது. நற்செய்தி நூல்களிலோ அவர் வாய்திறந்து பேசிய சொல் ஒன்றுகூட இல்லை! இந்த இடைவெளியைக் கவிஞர் எதைக்கொண்டு நிரப்பினார்? ஸ்பெயின் நாட்டுக் கன்னியர் ஆகிரெதா மரியாளின் காட்சி நூலும், தமிழ்க் காப்பிய மரபும் அவருக்குக் கைகொடுத்தன. அது கவிஞரின் உரிமை, குறையன்று. அதனை மறைநூலென்று மயங்குவதே நம் பிழை.

நாம் அமைக்கும் குடிலிலும் இதே மயக்கம் உண்டு. மாடும் கழுதையும் எசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து மரபு எடுத்துக்கொண்டவை. லூக்கா சொல்வது தீவனத் தொட்டியை மட்டுமே. ஞானிகள் மூவர் என மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை, காணிக்கைகள்தாம் மூன்று. அவர்கள் நுழைந்ததும் ஒரு வீட்டினுள். கதவடைத்த விடுதிக்காரரோ நம் கற்பனையில் பிறந்தவர்.

அவ்வாறாயின் எஞ்சுவது யாது? குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குச் சென்ற ஒரு தச்சர். 2024-இல் தேயிலைத் தோட்டப் பணி முடிவுக்கு வர, மாஞ்சோலையின் லைன் வீடுகளை விட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களுடன் மலையிறங்கிய குடும்பங்களை எண்ணும்போது, மத்தேயுவின் அச்சில வரிகள் காப்பியத்தினும் கனக்கின்றன.

குடிலைக் கலைக்க வேண்டாம், அன்பர்களே! வைக்கோலும் விண்மீனும் இருக்கட்டும். ஆனால் அதன்முன் மண்டியிட்டு எழுந்தபின் வீடிழந்தோரை மறப்போமாயின், நாம் மரபைக் காத்து மறையைத் தொலைத்தவர்களாவோம்.