கோலகுபு பாரு: ஆற்றுக்கு இடம்விட்ட ஊர்

பிரிக்ஃபீல்ட்ஸின் ஜனசந்தடிக்கு அருகேயுள்ள சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ரயிலேறி வடக்கே சென்றால், தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், சிலாங்கூர் நதி பள்ளத்தாக்கின் குறுகிய வழியினின்றும் விடுபட்டுச் சமவெளியை எட்டும் பிரதேசத்தில், கோலகுபு பாரு என்னும் சிற்றூரை அடையலாம்.

இதன் சௌந்தர்யம் துயரத்தின் விளைவு. 1883-இல், இதற்கு முன்னிருந்த பழைய ஊரில் அணை உடைந்து, மாஜிஸ்திரேட் செசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். பின்னர் வெள்ளீயச் சுரங்கங்களின் மணல் ஆற்றுப்படுகையை மேடாக்கவே, வெள்ளம் அடிக்கடி வீதிகளில் புகுந்து, அவ்வூரில் வாசம் செய்வதே துர்லபமாயிற்று. அதன் நிமித்தம் 1920-களில் நகரமைப்பு நிபுணர் சார்லஸ் ரீட், எபனேசர் ஹவார்டின் பூங்கா நகரக் கொள்கையைத் தழுவி, கடைவீதிக்கும் வாசஸ்தலங்களுக்கும் இடையே பசும்புல்வெளி பரவ, உயர்ந்த நிலத்தில் புதிய ஊரை வகுத்தார். வரிசைக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் நிழலில் நடந்து, சாலை வளையுமிடத்தில் நீல மலைகளை நிமிர்ந்து நோக்குபவர், மனிதர் கட்டியதும் இயற்கை அளித்ததும் ஒன்றையொன்று மறைக்காமல் இயைந்திருக்கும் அபூர்வத்தை உணர்வர்.

மேலே ஃபிரேசர் மலைக்குச் செல்லும் பாதை, பள்ளத்தாக்கில் தேக்கப்பட்ட சிலாங்கூர் நதியின் நீர்ப்பரப்பை ஒட்டியே ஏறுகிறது. நம் இல்லங்களின் குழாய்களுக்கு நீர் வழங்குவதில் இந்நதிக்குப் பெரும்பங்குண்டு. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கு வாசிகளே, குடும்பத்தோடு ஒருமுறை சென்று காணுங்கள். அந்நதியின் கரையில் குப்பை எதையும் விட்டுவராதீர்கள்.