வாசலைக் காத்த மாவட்டம்

கொரோனா காலத்து மாவட்ட நிர்வாகங்களை எடைபோடுவோர் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். நீலகிரி விஷயத்தில் அந்தத் தொடக்கம் அவசரத் தீர்ப்பில் போய் முடியும். அரசுக் கணக்கின்படி தமிழகம் முழுவதும் இறந்தோர் சுமார் 38,000 பேர். நீலகிரியில் இருநூற்றுச் சொச்சம். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. அதை வைத்து வகுத்தால் லட்சத்துக்கு ஏறத்தாழ 30 மரணம் வருகிறது. மாநிலச் சராசரி 50ஐத் தாண்டுகிறது. வெற்றி என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் வாழும் மாநிலத்தில் நீலகிரியின் அடர்த்தி ஏறத்தாழ அதில் பாதி. பெருநகரம் இல்லை, விமான நிலையம் இல்லை, உள்ளே வரும் சாலைகளை விரல்விட்டு எண்ணலாம். மலை செய்த வேலையை நிர்வாகத்தின் வரவில் எழுதுவது தவறு. நிர்வாகம் செய்ததை மலையின் கொடை என்று தள்ளுவதும் அதே அளவு தவறு.

எனவே வேறு அளவுகோல் வேண்டும். ஊரடங்கின் தேதிகளும் தளர்வுகளும் டெல்லியிலும் சென்னையிலும் முடிவாயின. அவற்றில் எந்த மாவட்டத்துக்கும் தனிச் சாதனை கிடையாது. மாவட்டம் தன் சூழலைப் படித்து, தானே எடுத்த முடிவுகள் எவை? அவை சரியான இடத்தைத் தொட்டனவா? அவற்றின் சுமை யார் தோளில் விழுந்தது? நெருக்கடி முடிந்தபின் எது மிஞ்சியது? இந்தக் கேள்விகளால் அளந்தால், 2017 முதல் 2021 வரை ஆட்சியராக இருந்த இன்னசென்ட் திவ்யாவின் தலைமையில் நடந்தவற்றில் உயர்ந்த செயல்களும் சறுக்கல்களும் தனித்தனியே துலங்குகின்றன.

முதலில் வாசல். பர்லியார், குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி, பாட்டவயல், தாளூர் என்று சோதனைச்சாவடிகளின் பெயர்களை அடுக்கினாலே மாவட்டத்தின் வடிவம் கண்முன் வந்துவிடும். 2020 ஏப்ரலில் கண்டறியப்பட்ட 9 தொற்றுகளும் வெளியூர்ப் பயணத்தோடு தொடர்புடையவை. அந்த 9 பேரும் குணமாகித் திரும்பியபின், மே மாதம் கோயம்பேடு சந்தையின் வழியே அடுத்த தொற்று ஏறியது. நோய் மேலே ஏறிவருவது என்ற கணிப்பு அந்த மாதங்களில் சரியாகவே இருந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் நீங்கியபோது நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலைப்பகுதிகளுக்கு மட்டும் அது நீடித்தது. அறிவிப்பு கோட்டையிலிருந்து வந்தாலும் அனுமதி தரும் பொறுப்பு ஆட்சியரிடம் இருந்தது. யார் வருகிறார், எதற்கு வருகிறார், எங்கே தங்குகிறார் என்பதை வருமுன் அறிந்துகொள்ளும் இந்த ஏற்பாடு நிலத்தின் இயல்போடு முழுமையாக ஒத்திசைந்தது. சமவெளி மாவட்டம் ஒன்றில் இதே கருவி வெறும் தாள் வேலையாகச் சுருங்கியிருக்கும்.

ஆனால் வாசலில் நின்று பார்ப்பவருக்கு வெளியே இருப்பதுதான் கண்ணில் படும். 2020 ஜூனில் எல்லநள்ளியில் ஓர் ஊசி தயாரிப்பு ஆலையில் தொற்று வெடித்துச் சுற்றுக் கிராமங்களுக்குள் இறங்கியபோது இந்த எல்லை வெளிப்பட்டது. பல ஊர்களிலிருந்து தொழிலாளர் வந்து கூடும் மூடிய கூடம் அது. தொடர்புகளைத் தேடிப் பரிசோதித்ததிலும் கிராமங்களைத் தனிமைப்படுத்தியதிலும் நிர்வாகம் காட்டிய வேகத்துக்கு மதிப்பெண் தரத்தான் வேண்டும். ஆயினும் அது நிகழ்வுக்குப் பின் வந்த வேகம். சாவடியில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் கேள்வி கேட்ட கவனத்தில் ஒரு பங்கு, உள்ளே மக்கள் நெருங்கி உழைக்கும் இடங்களின்மீது முன்கூட்டியே விழுந்திருக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுதும்போது இந்தக் குறை இன்னும் ஆழமாகிறது. ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்களிலேயே, குறைந்த ஆட்களோடு தோட்டங்கள் இயங்க அனுமதி கிடைத்தது. கொழுந்து காத்திருக்காது, முற்றினால் வெட்டி எறிய வேண்டியதுதான். ஆகவே அந்த அனுமதியில் பிழை காண்பதற்கில்லை. பறிக்கும் இடத்தில் இடைவெளி இயல்பாகவே அமைகிறது. ஆபத்து மாலையில் திரும்பிப்போகும் லயன் வீட்டில் இருந்தது. ஓர் அறை, ஓர் அடுக்களை, பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாய், பொதுவான கழிப்பிடம். இங்கே ‘வீட்டுத் தனிமை’ என்ற ஆணையை எவர் நிறைவேற்ற முடியும்? இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக உருவான அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் குடியிருப்புகளிலும், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர் தங்கும் தனியார் தோட்ட லயன்களிலும் இது ஒரே கேள்வி. தோட்டத் தொழிலாளருக்கு வீடும் மருத்துவ வசதியும் தோட்ட நிர்வாகம் தர வேண்டும் என்று அன்று நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. தொற்றுக் காலத்தில் அந்தச் சட்டத்தை எடுத்து நீட்டி, ஒவ்வொரு தோட்டமும் தனிமைப்படுத்தும் அறைகளையும் செயல்படும் மருந்தகத்தையும் ஏற்பாடு செய்யக் கட்டாயப்படுத்த வாய்ப்பு இருந்தது. வாசலில் காட்டிய உறுதி தோட்டத்தின் படலைக்குள் நுழையவில்லை என்பதே இந்த எதிர்வினையின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

வாசலுக்கு இன்னொரு விலையும் இருந்தது. கூடலூர், பந்தலூர் வட்டத்தாருக்கு அவசரம் என்றால் வயநாடும் கோழிக்கோடும்தான் கைக்கெட்டும் மருத்துவம். ஊட்டி 50 கிலோமீட்டருக்கு மேல் மலையேற்றம். எல்லை மூடியபோது வரைபடத்தில் அது மாநிலங்களுக்கு இடையிலான கோடு. அங்கே வாழ்பவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி அடைபட்ட கதை. சுற்றுலாவை நம்பியவரும் விலை கொடுத்தனர். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கோடை சீசனும் மலர்க் கண்காட்சியும் இல்லாமல் போயின. வாடகைக் கார் ஓட்டுபவர், படகு இல்லத்தருகே குதிரை வைத்திருப்பவர், வர்க்கியும் தைலமும் விற்பவர் எல்லோரும் மாவட்டத்தின் பாதுகாப்புக்காகத் தங்கள் வருமானத்தைக் கொடுத்தவர்கள். குடும்ப அட்டைக்கு 2020இல் கிடைத்த 1,000 ரூபாயும் 2021இல் கிடைத்த 4,000 ரூபாயும் மாநிலம் முழுமைக்கும் பொது. வாசலை மூடுவதால் பயனடைந்தது ஊர்; அதற்கு விலை கொடுத்தது ஒரு பிரிவு. இந்தக் கணக்கை நேர்செய்யும் உள்ளூர் ஏற்பாடு, முடிவின் பகுதியாகவே அதனோடு பிறந்திருக்க வேண்டும்.

மருத்துவக் கட்டமைப்புக்கு வருவோம். இங்கே வரலாறு நீலகிரிக்குச் சாதகமாக நிற்க வேண்டியது. 1957இல் ஆசிய ஃப்ளூ சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியே சென்னைக்கு வந்தபோது, இந்தியாவின் இன்ஃப்ளூயன்ஸா ஆய்வு மையம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில்தான் இயங்கியது. நாட்டில் 44.5 லட்சம் பேரைத் தொட்டு 1,098 பேரைக் கொன்றதாகப் பதிவான அந்தக் கொள்ளைநோயின் இந்திய வரலாற்றை ஐ.ஜி.கே. மேனன் எழுதி, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959இல் வெளியிட்டார். குன்னூர் மலையில் இருந்துகொண்டு ஒரு நாட்டின் தொற்றைப் படித்த காலம் அது. 63 ஆண்டுகள் கழித்து, தொற்றின் தொடக்க மாதங்களில் நீலகிரியின் சளி மாதிரிகளும் நோயாளிகளும் மலையிறங்கிக் கோவைக்குச் சென்றனர். பின்னர் ஊட்டியிலேயே பரிசோதனைக் கூடம் அமைந்தது. ஆனாலும் கடும் நோயாளிக்குக் கோவையே கதி என்ற நிலை இரண்டாம் அலையிலும் மாறவில்லை. இந்தச் சரிவை ஆட்சியர் எவர் தலையிலும் கட்டுவது நியாயமன்று. பாஸ்டர் நிறுவனம் மத்திய அரசின் பொறுப்பில் உள்ளது. 2008இல் அதன் தடுப்பூசி உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டு 2010இல்தான் மீண்டது. பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களை நலிய விட்ட நாடு 2021இல் தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு என்று தவித்தது. குன்னூரில் நின்று இதை நினைக்கும் எவருக்கும் வேதனை எழும்.

அந்த இடைவெளியைச் சிலர் தங்கள் அளவில் நிரப்பினர். 2021இல் குன்னூர்ப் பகுதியில் தன்னார்வலர்கள் ஆக்சிஜன் வசதியுடன் ஆட்டோ ஆம்புலன்ஸ்களை ஓடவிட்டனர். பெரிய வண்டி திரும்ப முடியாத, ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் சந்துகளுக்கும் எஸ்டேட் பாதைகளுக்கும் ஏற்ற வண்டி அது. மலையை அறிந்தவர் மூளையில் உதித்த தீர்வு என்பதால் அதைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் தன்னார்வலர் செய்தது அரசின் திட்டமாக முன்னரே இருந்திருக்க வேண்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தனை குறைகளையும் எழுதியபின் பழங்குடியினர் தடுப்பூசிப் பணிக்கு வரும்போது சொற்களின் தொனி மாறுவதைத் தவிர்க்க முடியாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்குடிகள் இங்கே 27,000 பேர் அளவில் வாழ்கின்றனர். அவர்களில் 18 வயது கடந்தோர் 20,000க்கு மேல். 2021 மே மாதம்தான் அந்த வயதினர் எல்லோருக்கும் தடுப்பூசி திறந்தது. இரண்டாம் அலை மேற்கு மாவட்டங்களை விட்டு இறங்க மறுத்தது. ஜூன் மாதத் தளர்வுகளில் நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. அந்தச் சூழலில் ஜூன் இறுதிக்குள் பழங்குடி வயதுவந்தோர் அனைவருக்கும் தடுப்பூசி என்று இலக்கு வைத்து, அதை ஏறத்தாழ எட்டவும் செய்தது மாவட்டம்.

இதன் மதிப்பு சதவீதத்தில் இல்லை, முறைமையில் இருக்கிறது. மந்து, பாடி எனப்படும் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு மருத்துவக் குழு நடந்து சென்றது. ஊசி போட்டால் இறந்துவிடுவோம் என்ற அச்சம் பரவியிருந்த குடியிருப்புகளில், குழுவைக் கண்டு காட்டுக்குள் ஒதுங்கியவர்களைத் துரத்தவில்லை; திரும்ப வந்து பேசினர். சமூகத்தின் மூத்தோர் முன்வந்து போட்டுக்கொண்டனர். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி போன்ற அமைப்புகள் 1980களின் பிற்பகுதி முதல் ஊர் ஊராகச் சேர்த்துவைத்த நம்பிக்கை அந்தச் சில வாரங்களில் பலன் தந்தது. அவசரத்தில் உருவாக்க முடியாத ஒன்று அது. மற்றப் பணிகளில் மக்கள் கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்களாகத் தெரிந்தனர். இங்கே இணங்கச் செய்ய வேண்டியவர்களாக மதிக்கப்பட்டனர். இந்த வேறுபாட்டையே நான் இந்த எதிர்வினை முழுவதிலும் உயர்ந்த சாதனையாகக் கொள்வேன்.

அதனால்தான் அடுத்து நடந்தது ஏமாற்றம் தருகிறது. 2021 செப்டம்பர் தொடக்கத்தில், தடுப்பூசிச் சான்றும் ஆதாரும் காட்டினால்தான் டாஸ்மாக் கடைகளில் மது என்ற ஏற்பாடு மாவட்டத்தில் வந்தது. நோக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. மீதமிருந்த சிலரைக் கொண்டுவர வேண்டும். அவர்கள் தவறாமல் வரும் இடம் அந்தக் கடை. ஆனால் காடுவரை நடந்து பேசி இசைவைப் பெற்ற நிர்வாகம், நகரத்துத் தொழிலாளிக்கு வந்ததும் இசைவைக் கைவிட்டுப் பழக்கத்தைப் பிணையாகப் பிடித்தது. கடைசிச் சிலரை எட்டுவதே எந்தத் தடுப்பூசி இயக்கத்துக்கும் மெய்யான தேர்வு. அங்கே குறுக்குவழி எடுத்தால் முன்னர் காட்டிய பொறுமையின் பொருளும் தளர்ந்துவிடும். எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட இயலாது, கட்டுப்பாடுகள் தேவைக்கு அளவொத்திருக்க வேண்டும் என்று ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பு எட்டு மாதம் கழித்து வந்தது உண்மை. அதைக்கொண்டு இந்த ஆணையைச் சட்டப்படி குற்றம் சாட்ட மாட்டேன். முறைமையில் முரண் என்று மட்டும் பதிவு செய்வேன்.

இனி மிஞ்சியவை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒப்புதல் 2019இலேயே கிடைத்துவிட்டது. 2022 ஜனவரியில் தொடங்கியது. 700 படுக்கைகளுடன் அதன் மருத்துவமனை திறந்தது 2025 ஏப்ரலில். தொற்றின் விளைவாக அதை வரவு வைக்க முடியாது. தொற்று உண்மையில் விட்டுச்சென்றது இ-பாஸ். உள்ளே வருவோரை எண்ண முடியும் என்று அது காட்டியது. சீசனில் நாளொன்றுக்கு ஏறும் 20,000 வண்டிகளை எண்ணி, மலை தாங்கும் அளவு எவ்வளவு என்று கேட்கும் வாய்ப்பு அன்றே இருந்தது. தொற்று தணிந்ததும் வண்டிகளை எண்ணுவதும் நின்றது. 2024 மே 7 முதல் இ-பாஸ் மீண்டும் வந்தது சென்னை உயர் நீதிமன்ற ஆணையால். 2025 சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பும் நீதிமன்றம் விதித்ததே. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 கொண்ட வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தாங்கு திறனை அளக்கும் பொறுப்பும் ஐஐடி சென்னைக்கும் ஐஐஎம் பெங்களூருவுக்கும் போனது.

நோயைத் தடுக்கக் கண்டுபிடித்த கருவியை மலையைக் காக்கவும் பயன்படுத்தலாம் என்பதை மாவட்டமே உணர்ந்து, தன் குதிரைக்காரரையும் டிரைவரையும் அருகே வைத்துப் பேசி, ஒரு வரம்பை எட்டியிருந்தால் இந்த எதிர்வினையை முன்மாதிரி என்று எழுதத் தயங்கியிருக்க மாட்டேன். இப்போது எழுதக்கூடியது இவ்வளவே: வாசல் காப்பதில் திறமை, மந்துகளிலும் பாடிகளிலும் மேன்மை, லயன்களில் தோல்வி. அடுத்த தொற்றுக்கு முன் நீலகிரி செய்ய வேண்டிய வேலை பர்லியார் சாவடியில் இல்லை; பந்தலூர் லயன்களின் பொதுக் குழாயடியில் இருக்கிறது.