லைசென்ஸ் கட்டணம்: காசு யார் கைக்குப் போகிறது?

தூர்தர்ஷன் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் பிபிசியை இழுத்து வந்துவிடுகிறார். "அங்க மாதிரி வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கினா இவங்களும் அரசாங்கத்துக்குப் பயப்படாம பேசுவாங்க" என்பது வாதம். நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ள முடிகிறது. மீதிப் பாதி ஏன் தவறு என்று எழுதி வைக்கிறேன்.

இந்த வாதத்தைச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் இது ஏற்கனவே நடந்து முடிந்த பரிசோதனை. 1985 வரை ரேடியோ வைத்திருந்த வீடுகள் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ் போய்ப் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்தன. டிவி வந்தபோது அதற்கும் தனி லைசென்ஸ். ஐம்பது வயது தாண்டியவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்தச் சின்னப் புத்தகம் இன்னும் ஏதாவது ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கும்.

இன்னும் பின்னால் போனால் 1927. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி ஒரு தனியார் நிறுவனம். ஆண்டுக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தில் அதற்கு வரும் பங்குதான் முக்கியமான வருமானம். லைசென்ஸ் எடுத்தவர்கள் சில ஆயிரம் பேரைத் தாண்டவில்லை. எடுக்காமலே கேட்டவர்கள் தனி. 1930இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். அரசு எடுத்து நடத்தியது, 1936இல் அதற்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வைத்தது.

அதற்குப் பிறகு சுமார் ஐம்பது வருஷம் மக்கள் கட்டணம் கட்டினார்கள். சுதந்திரம் கிடைத்ததா? 1975 ஜூன் 26 காலையில் நெருக்கடி நிலையை இந்திரா காந்தி அறிவித்தது இதே வானொலியில்தான். அடுத்த இரண்டு வருஷம் ஆல் இந்தியா ரேடியோவை ஜனங்கள் 'ஆல் இந்திரா ரேடியோ' என்று கிண்டல் செய்தார்கள். அந்தக் காலத்திலும் வீடுகள் லைசென்ஸ் பணம் கட்டிக்கொண்டேதான் இருந்தன. ஆக, கட்டணம் கட்டினால் சுதந்திரம் தானாக வரும் என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிட்டது.

காரணம் சிக்கலானதல்ல. பணம் வீட்டிலிருந்து போஸ்ட் ஆபீசுக்கும், அங்கிருந்து அரசு கஜானாவுக்கும் போனது. வானொலிக்கு வந்தது அமைச்சகம் ஒதுக்கிய பணம். பணம் கட்டியவருக்கும் நிகழ்ச்சி தயாரித்தவருக்கும் நடுவில் எந்தக் கயிறும் இல்லை. அதனால்தான் 1985இல் கட்டணத்தை எடுத்தபோது "எங்க உரிமை போச்சு" என்று யாரும் கேட்கவில்லை. போவதற்கு உரிமை என்று ஒன்று இருந்திருக்க வேண்டுமே.

1978இல் வர்கீஸ் குழு 'ஆகாஷ் பாரதி' என்ற பெயரில் ஒரு தன்னாட்சி அறக்கட்டளையைப் பரிந்துரைத்தது. அப்படி ஒன்று வரவில்லை. பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெயரளவில் தன்னாட்சி. ஆனால் சம்பளச் செலவின் பெரும்பகுதி இன்றும் மத்திய அரசின் மானியத்தில்தான். 2023 ஜனவரியில் தூர்தர்ஷனையும் வானொலியையும் மேம்படுத்த 2,539.61 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்ததும் மத்திய அமைச்சரவைதான்.

பிபிசியும் நாம் நினைக்கிற அளவுக்குச் சுத்தமான உதாரணம் இல்லை. கட்டணம் எவ்வளவு என்பதை அங்கே அரசு முடிவு செய்கிறது. 2022இல் அதை இரண்டு வருஷத்துக்கு 159 பவுண்டிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஜெர்மனி இன்னும் பயனுள்ள உதாரணம். அங்கே எவ்வளவு தேவை என்று கணக்குப் போட அரசுக்கு வெளியே ஒரு ஆணையம் இருக்கிறது. 2020 கடைசியில் ஒரு மாநிலம் உயர்வைத் தடுத்தது. 2021 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்காமல் மாதம் 18.36 யூரோ என்று ஆக்கியது. அரசியல்வாதிக்குப் பிடிக்காவிட்டாலும் பணம் போய்ச் சேரும் என்பதற்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. நம்மிடம் இல்லாதது அதுதான்.

சரி, அந்த வழியைக் கட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கலாமா? திருப்பூரில் உட்கார்ந்து யோசித்தால் 'வீடு' என்ற சொல்லே சிக்கலாகிறது. பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டு வரிசை. ஒரு அறையில் ஆறு பேர். மூன்று பேர் ஒடிசா, இரண்டு பேர் பீகார், ஒருத்தர் தேனிப் பக்கம். தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போனவர் திரும்பி வரும்போது வேறு கம்பெனி, வேறு அறை. இதில் யார் குடும்பத் தலைவர்? கம்பெனி முதலாளியின் பங்களாவுக்கும் இந்த அறைக்கும் ஒரே தொகை என்றால் அது எந்த ஊர் நியாயம்? பிரிட்டனில் கட்டணம் கட்டாததற்காக வழக்குக்கு ஆளாகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் மாட்டிக்கொள்கிறார். லைன் வீட்டில் கதவைத் தட்டினாலும் அதேதான் நடக்கும்.

அப்படியானால் கட்டணமே வேண்டாம், விளம்பரத்தில் ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் பயம் பரவியது. பலர் ரயில் ஏறினார்கள். போலீசும் மாவட்ட நிர்வாகமும் ஹிந்தியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து பார்த்துப் போனது. போலீஸ் சொல்வதை நம்பாத ஒரு பையன், முதலாளி சொல்வதையும் நம்பாத ஒரு பையன், அந்த ராத்திரி எதைக் கேட்டு முடிவெடுத்திருப்பான்? கையில் இருந்தது வாட்ஸப்தான். அவன் பாஷையில், இந்த ஊரிலிருந்தே, தினமும் பேசிப் பழகிய ஒரு குரல் இருந்திருந்தால் அன்றைக்கு அதற்கு மதிப்பு இருந்திருக்கும். அந்த நம்பிக்கையை நெருக்கடி வந்த அன்று புதிதாக உண்டாக்க முடியாது. அப்படி ஒரு குரலை விளம்பரதாரர் நடத்த மாட்டார். ஆறு பேர் தங்கும் அறையில் அவருக்கு வியாபாரம் கம்மி.

இன்னொன்று. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பக்கம் கழிவில் நிலம் கெட்டுப்போன விவசாயி, மறுபக்கம் வேலை போன சாயத் தொழிலாளி. பனியன் விளம்பரத்தை நம்பியிருக்கும் சேனலுக்கு இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்பது கஷ்டம். அமைச்சகத்தை நம்பியிருக்கும் நிலையத்துக்கும் கஷ்டம்தான்.

அதனால் என் நிலை இது. மக்கள் பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு இவ்வளவு என்று அல்ல, வருமானத்துக்கு ஏற்ப. பின்லாந்து 2013லும் ஸ்வீடன் 2019லும் லைசென்ஸ் முறையை விட்டுவிட்டு அந்த வழிக்குத்தான் போயின. நம் நாட்டில் வருமான வரி கட்டுகிறவர்கள் கம்மி என்பது உண்மை. அதனால் தொகை சின்னதாகவே இருக்கட்டும். அதில் ஒரு பங்கு டெல்லிக்குப் போகாமல், சட்டப்படி உள்ளூர் நிலையத்துக்கே வரட்டும். அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கிற குழுவில் கம்பெனிக்காரரும் தொழிலாளியும் விவசாயியும் உட்காரட்டும்.

இதெல்லாம் இல்லாமல் வெறும் கட்டணத்தை மட்டும் திரும்பக் கொண்டுவருவதென்றால் வேண்டாம். அந்தப் பழைய லைசென்ஸ் புத்தகம் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்.