சமையலறையை இடிக்கும் முன்

சென்னையிலும் கோவையிலும் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இப்போது வரிசையாக இடிபடுவது சமையலறைதான். மேடைக்குக் கீழிருந்த கடப்பா கல் தட்டுகளைப் பெயர்த்துவிட்டு, பளபளக்கும் கதவுகளும் இழுப்பறைகளும் கொண்ட மாடுலர் கிச்சன் போடுகிறார்கள். வெள்ளையடிக்கும்போது அறைக்கு அறை நகர்ந்து சமாளித்துவிடலாம். சமையலறையில் கைவைத்தால் தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிவுநீர் நான்கும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. செலவு பெரும்பாலும் லட்சங்களில். இவ்வளவையும் தாங்கிச் செய்யும் மாற்றம் எதைத் தருகிறது, எதைத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் பக்க நியாயம். பழைய மேடையின் அடியில் இரண்டடி ஆழத்துக்கு இருட்டு. பின்வரிசையில் இருக்கும் குக்கரை எடுக்க முன்வரிசைப் பாத்திரங்களை இறக்கி வைத்து, தரையில் குந்தி, கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். முழங்கால் தேய்ந்த ஐம்பது வயதுக்காரருக்கு இது தினசரித் தண்டனை. முழுதாக வெளியே வரும் இழுப்பறை இந்த ஒரு துன்பத்தை அடியோடு நீக்குகிறது. மாடுலர் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாவற்றிலும் உண்மையான முன்னேற்றம் இதுதான் என்பேன்.

மின்சாரமும் அப்படியே. ஒரு மிக்ஸிக்கும் ஒரு கிரைண்டருக்கும் என்று கணக்கிட்டு இழுத்த வயரில் இன்று ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு, குடிநீர் சுத்திகரிப்பான் எல்லாம் தொங்குகின்றன. ஒரே பிளக்கில் மூன்றைச் செருகி, அது சூடாவதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளும் வீடுகள் ஏராளம். அங்கே வயரிங்கை மாற்றுவதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

“இருக்கிறதே போதும், எதுக்கு வீண்செலவு?” என்ற சிக்கன வாதத்தையும் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். அதைச் சொல்பவர் பெரும்பாலும் அந்த மேடையின் முன் நிற்காதவர். வரவேற்பறைக்குப் பெரிய டிவி வரும். சிங்க்கின் கீழ் ஒழுகும் குழாய் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருக்கும். 2021இல் வெளியான ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ என்ற மலையாளப் படம் இந்த உண்மையை ஓர் ஒழுகும் சிங்க் குழாயில் பிடித்துக் காட்டியது. 2023இல் அது தமிழிலும் வந்தது. படத்தின் நாயகி புதுச் சமையலறை கேட்கவில்லை. பிளம்பரைக் கூப்பிடச் சொன்னாள்; அதுகூட நடக்கவில்லை. மாற்றாமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டு. அது பில்லில் வராமல் முழங்காலிலும் முதுகிலும் நுரையீரலிலும் வசூலாகிறது.

படத்தின் அந்தக் குழாய் இன்னொன்றையும் சொல்கிறது. தேவைப்பட்டது பிளம்பர், சந்தையில் விற்பது கதவு.

இன்றைய மாடுலர் கிச்சனின் மூதாதை என்று சொல்லத்தக்கது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்தது. நகரின் புதிய குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், ஒவ்வொரு எட்டும் அளந்து திட்டமிட்டது. இத்தனைக்கும் அதை வடிவமைக்கும்வரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆனாலும் வேலை நடக்கும் முறையை ஆராய்ந்து, நேரத்தை அளந்து, அதிலிருந்து அறையை உருவாக்கினார். நம் ஊர் ஷோரூமில் இந்த வரிசை தலைகீழ். முதலில் நிறம், பிறகு கைப்பிடி, பிறகு விலை. எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள், மாவு எங்கே அரைக்கிறீர்கள், அரிசி மூட்டை எங்கே நிற்கும் என்ற கேள்விகள் வருவது அபூர்வம்.

அதன் விளைவு பெட்டிகளை மாட்டிய பிறகுதான் தெரியும். மூலையில் சுழலும் கம்பித் தட்டுக்குப் பணம் போயிருக்கும், கிரைண்டருக்கு இடமிருக்காது. மேடை உயரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். ஐந்தடி உயரப் பெண் தோளைத் தூக்கிக்கொண்டு அடுப்பில் கிளற வேண்டும். கேஸ் சிலிண்டரைக் கதவுக்குள் மறைத்துவிடுவார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத்துக்குத் துளைகள் இல்லாத பெட்டிக்குள் சிலிண்டரை வைப்பது, அழகுக்காகப் பாதுகாப்பை விற்பது.

சிம்னியும் அப்படித்தான். நம் தாளிப்பின் எண்ணெய்ப் புகைக்கு அது தேவைதான். ஆனால் குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளினால்தான் முழுப் பயன். சுவரில் துளையிட வழியில்லாத வீடுகளில் கரி வடிகட்டி வைத்த வகையை மாட்டுகிறார்கள். அது எண்ணெயையும் வாசத்தையும் ஓரளவு பிடிக்கும். வெப்பத்தையும் நீராவியையும் அறைக்குள்ளேயே திருப்பி விடும். அங்கே ஜன்னலில் பொருத்தும் சில ஆயிரம் ரூபாய் எக்ஸாஸ்ட் மின்விசிறி அதைவிட நல்ல வேலை செய்யும்.

அடுத்தது பொருள். கதவைத் திறந்து, மைக்கா ஒட்டாத ஓரத்தைப் பார்த்தால்தான் பெட்டியின் சரக்கு தெரியும். மர இழையையும் துகளையும் பசையோடு அழுத்திய எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு வகைகள் மலிவு. இழைப்பு அழகாக வரும். ஆனால் சாதாரண ரகங்கள் சிங்க்கின் கீழ் ஒருமுறை நன்றாக நனைந்தால் ஊதிவிடும், ஊதியது திரும்பாது. அவற்றின் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. புதுப் பெட்டியைத் திறந்ததும் கண்ணை உறுத்தும் நெடியைப் புதுசு வாசம் என்று ரசிக்க வேண்டியதில்லை. பிளைவுட்டிலும் ரகம் பார்க்க வேண்டும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், ஐஎஸ் 303 ரகங்களைவிட ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

இங்கேதான் நாம் பெயர்த்தெறியும் கடப்பா கல்லின் அருமை தெரிகிறது. அது ஊதாது, கரையான் அரிக்காது, கழுவிவிட்டால் காய்ந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது கல் தட்டுகள் கழுவினால் தேறின. எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு பெட்டிகளுக்கு அந்த வழி இல்லை. கல்லுக்குக் குறை அதன் இருட்டும் ஆழமும் மட்டும்தான். அந்தக் குறையைத் தீர்க்கக் கல்லையே எடுக்க வேண்டியதில்லை. கல் தடுப்புகளை அப்படியே விட்டு, நடுவில் இழுப்பறைகளைப் பொருத்தி, முன்னால் அலுமினியக் கதவோ பிளைவுட் கதவோ போடும் முறை நம் ஊர் தச்சர்களுக்குத் தெரிந்ததுதான். ஷோரூமில் அதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் விற்பது பெட்டி.

விலைப்பட்டியலைப் படிக்கவும் பழக வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்ற எண் பெரும்பாலும் பெட்டிக்கும் கதவுக்கும் மட்டும். இழுப்பறைகள், கிரானைட், டைல்ஸ், சிங்க், பிளம்பிங், வயரிங், சிம்னி, இடிப்புக் கூலி, இடிபாட்டை அகற்றும் லாரி எல்லாம் தனித்தனி வரிகளில், சில சமயம் தனித்தனி மாதங்களில் வரும். உத்தரவாதம் பத்து ஆண்டு என்று போட்டிருந்தாலும், ஈரமும் கரையானும் அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். சமையலறையைக் கெடுப்பவை அவை இரண்டும்தானே.

ஒரு கணக்குக்கு, மொத்தம் 3 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிகள் 12 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 25,000. சிங்க் ஒழுகி 6 ஆண்டில் கெட்டால் 50,000. வாங்கும்போது பேரம் பேசிக் குறைப்பதைவிட, எத்தனை ஆண்டு நிற்கும் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. ஆகவே சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் கதவின் மினுமினுப்பு; பிடிக்கக் கூடாத இடம் சிங்க்கின் அடி.

பணத்தில் அளக்க முடியாத தொந்தரவு தனி. கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுபவர், கிரானைட் போடுபவர், தச்சர் என்று ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் வர முடியும். ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் நிற்கும். அதுவரை ஹாலில் ஒற்றை அடுப்பு, குளியலறையில் பாத்திரம் கழுவல். இந்த நாட்களைச் சமாளிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் தினமும் சமைப்பவர் தலையில்தான் விழுகிறது.

வீட்டுக்கு வெளியே இருப்பவர் மீது விழும் செலவும் உண்டு. கல்லை வராந்தாவில் வைத்து நனைக்காமல் அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற தீராத நோய். செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அவற்றுக்கே தடை விதித்தது இந்த நோயால்தான். நம் வீட்டு மேடைக்காகக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அறுக்கும் தொழிலாளிக்கு, தண்ணீர் விட்டு அறுக்கும் கருவியும் முகக்கவசமும் கேட்டு வாங்குவது வீட்டுக்காரரின் கடமை.

அப்படியானால் மாற்றலாமா, வேண்டாமா? குழாய் சுவருக்குள் கசிகிறது, வயர் சுடுகிறது, மேடை உயரம் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் முழுதாக இடிப்பதற்கு நியாயம் உண்டு. இந்த மூன்றும் சரியாக இருந்து, பொருள் எடுப்பதில் மட்டுமே துன்பம் என்றால் இழுப்பறையும் நல்ல விளக்கும் போதும், இடிக்க வேண்டாம். இந்த இரண்டு நிலையும் இல்லாமல் பார்வைக்குப் பழசாகிவிட்டது என்பது மட்டுமே காரணமென்றால், கதவுகளை மாற்றி நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த நிலை என்பதைத் தீர்மானிக்க ஷோரூமுக்குப் போக வேண்டியதில்லை. தினமும் சமைப்பவர் தனக்குத் தொல்லையானவற்றை வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதட்டும். விலை கேட்பது அந்தத் தாளுக்குத்தான். பட்ஜெட் பாதியில் தீர்ந்தால் வெட்டுவதும் அந்தத் தாளின் அடியிலிருந்துதான். அந்த வரிசையைச் சமைக்காதவர் மாற்றாமல் இருந்தால், எவ்வளவு செலவானாலும் அது வீண்செலவாகாது.