கரிமக் கணக்கும் காற்றின் கணக்கும்

கட்டடக் கலையைத் திறனாய்வோர் நெடுங்காலமாக உறுதி, பயன், அழகு ஆகிய மூன்றையே அளவுகோலாகக் கொண்டு வந்துள்ளனர். இன்று நான்காவது அளவுகோல் ஒன்றும் சேர்ந்துள்ளது. ஒரு கட்டடம் எழும்பும்போதும் பின்னர் இயங்கும்போதும் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதே அது. வெளியிட்ட அளவைத் தூய ஆற்றலால் ஈடுசெய்துவிடும் கட்டடம் கரிமச் சமநிலைக் கட்டடம் எனப்படும். கதிரவனை அறிந்து மனை வகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. நண்பகலில் கோலின் நிழல் கொண்டு திசை தேர்ந்து, நூலிட்டு அளந்து அரண்மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறும்.

மலேசியாவில் இவ்வழியில் எழுந்த மூன்று அலுவலகங்கள் நோக்கத்தக்கவை. 2004இல் புத்ராஜெயாவில் தாழ் ஆற்றல் அலுவலகம் எழுந்தது. 2007இல் பண்டார் பாரு பாங்கியில் மலேசிய ஆற்றல் மையத்தின் பசுமை ஆற்றல் அலுவலகம் எழுந்தது. 2010இல் ஆற்றல் ஆணையத்தின் வைரக் கட்டடம் புத்ராஜெயாவில் உருவாயிற்று. தலைகீழாய் நிறுத்திய கூம்பகம் போன்ற ஏழடுக்கு வைரக் கட்டடத்தின் சுவர்கள் 25 பாகை சாய்ந்தவை; மேல்தளமே கீழ்த்தளத்திற்குக் குடையாகிறது. பாங்கிக் கட்டடத்தில் 92 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. இரவில் குளிர்விக்கப்படும் கற்காரைத் தளம் பகலில் அறைகளைக் குளிர்விக்கிறது. அலுவலகத்தின் பகை வெயிலே என்பதையும், அதனை வடிவத்தாலேயே வெல்லலாம் என்பதையும் இவை மெய்ப்பித்தன. இது பாராட்டுக்குரிய வெற்றியே.

ஆயின், இவ்வெற்றியை அப்படியே ஆய்வகத்திற்கும் பெயர்த்து வைக்கலாம் எனக் கருதுவது பிழை. பினாங்கின் பெருநிலப் பகுதியில், வட செபராங் பிறையின் வயல்வெளிகளை அடுத்துள்ளது கெப்பாலா பத்தாஸ். அருகிலுள்ள பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் அமைந்துள்ளது. இத்தகைய ஊரில் ஆய்வகமும் அலுவலகமும் ஒருங்கே கொண்ட கரிமச் சமநிலைக் கட்டடம் எழுவதாயின், வரைவாளர் எதிர்கொள்ள வேண்டிய முதற்பகை வெயிலன்று, காற்றே ஆகும்.

அலுவலகத்தில் குளிர்ந்த காற்றின் பெரும்பகுதி மீண்டும் மீண்டும் சுழன்று வரும். ஆய்வகத்திலோ நச்சாவியை உறிஞ்சும் பெட்டிகள் அக்காற்றை ஒருமுறையே பயன்படுத்தி வெளியே தள்ளிவிடும். திறப்பு அரைச் சதுர மீட்டரினும் சற்று மிகுந்த ஒரு பெட்டி, மணிக்கு ஏறத்தாழ 1,000 கன மீட்டர் காற்றை இழுக்கும். வெளியேறியதற்கு ஈடாக அதே அளவு புதுக்காற்று உள்ளே வர வேண்டும். கெப்பாலா பத்தாஸின் காற்றோ ஈரம் செறிந்தது. 28 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை, 24 பாகையும் 55 விழுக்காடுமாக மாற்றுவதாகக் கொள்வோமாயின், ஒரே பெட்டிக்காக மணிக்குப் பத்து லிட்டருக்குக் குறையாத நீரைக் காற்றினின்று பிரித்தெடுக்க நேரும். செலவாகும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு குளிர்விப்பதற்கன்று, உலர்த்துவதற்கே போகிறது.

இக்கணக்கை மேலும் தொடர்ந்தால் உண்மை புலப்படும். அப்பெட்டி இரவும் பகலும் முழுத் திறப்புடன் இயங்குமாயின், நல்ல குளிரூட்டியைக் கொண்டும் நாளொன்றுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். பாங்கிக் கட்டடத்தின் தகடுகள் அனைத்தையும் கெப்பாலா பத்தாஸுக்குக் கொணர்ந்தாலும், அவை ஐந்தாறு பெட்டிகளுக்கே போதும். கூரை நிறையத் தகடு பரப்பினால் சமநிலை வந்துவிடும் என்னும் நம்பிக்கை இங்கே தகர்கிறது.

மேலைநாட்டு முன்மாதிரி ஒன்றும் ஈண்டு ஒப்புநோக்கற்குரியது. இங்கிலாந்தின் நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் வேதியியலுக்கெனக் கரிமச் சமநிலை ஆய்வகம் ஒன்றைப் பெரும்பாலும் மரத்தால் எழுப்பியது. கட்டுமானத்தின்போது 2014இல் தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பெற்று, 2017இல் அது திறக்கப்பட்டது. கட்டுவதில் ஏற்பட்ட கரிமக் கடனை 25 ஆண்டுகளில் அடைப்பதே அதன் நோக்கம். சிமெண்டும் எஃகும் சுமத்தும் கடனை முதல் நாளிலிருந்தே ஏட்டில் எழுதிய நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் அது குளிர்நாட்டுக் கட்டடம். அங்கே காற்றைச் சூடாக்குவதே பெருஞ்செலவு. இங்கே உலர்த்துவதே பெருஞ்செலவு. கடன் ஏட்டை எழுதும் முறையை இரவல் பெறலாம். வரைபடத்தை இரவல் பெறலாகாது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? அலுவலகத்தையும் ஆய்வகத்தையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தல் முதற்படி. அலுவலகத்தில் பயன்பட்ட தூய காற்றை ஆய்வகத்திற்குச் செலுத்தினால், ஒருமுறை உலர்த்திய காற்று இருமுறை பயன்படும். ஆய்வகக் காற்று அலுவலகத்திற்குத் திரும்புதல் மட்டும் கூடாது. பெட்டியின் கதவு தாழும்போது காற்றோட்டமும் தானே குறையுமாறு அமைத்தால், பாதித் திறப்பில் செலவும் ஏறத்தாழப் பாதியாகும். வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை, நச்சுக் கலவாதவாறு நீர்க்குழாய்கள் வழியே மீட்டுப் புதுக்காற்றுக்கு அளிக்கலாம். இவை யாவும் முடிந்த பின்னரே சூரியத் தகடுகளுக்கு இடம்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கணக்கு நேராகவில்லை என்பதற்காகக் காற்றோட்டத்தைப் பாதுகாப்பு அளவுக்குக் கீழே குறைப்பது எளிது. அவ்வாறு பெறும் சமநிலை ஏட்டில் மட்டுமே இருக்கும். அதன் விலையை, பெட்டியின் முன் நின்று பணிபுரியும் மாணவனும் உதவியாளரும் தம் நுரையீரலால் செலுத்துவர். ஆகவே, இத்தகைய கட்டடத்தை மதிப்பிடுவோர் திறப்புவிழா மலரை நோக்காது, ஆண்டுதோறும் மின்னளவியையும் காற்றோட்ட அளவையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். ஒன்றில் தேறி மற்றொன்றில் தவறும் கட்டடம், அதன் கூரை எவ்வளவு ஒளிரினும், கரிமச் சமநிலைக் கட்டடம் என்னும் பெயருக்கு உரியதாகாது.