பகலில் பாரதம், இரவில் கூத்து

மாதக்கணக்கில் படித்தாலும் முடியாத ஒரு கதையை ஓரிரவில் எப்படி ஆடிக் காட்டுவது என்ற கேள்விக்குத் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்கள் நெடுங்காலமாக ஒரு விடை வைத்திருக்கின்றன. வில்லிபுத்தூரார் பாடிய பாரதம் பத்துப் பருவங்களில் 4,300க்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆனது. அதை உள்ளடக்கி, விடுபட்டவற்றையும் சேர்த்து, 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை விரித்த பாரதம் ஏறத்தாழ 14,000 பாடல்களுக்கு நீள்கிறது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்து ஊர்களில் அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் கோடையில், திரௌபதி அம்மன் கோயில் முன்போ தருமராசர் கோயில் முன்போ பந்தலிட்டு, இந்தப் பெருங்கதையை நாள்தோறும் படிக்கவும் ஆடவும் செய்கிறார்கள். முழு அளவில் நடத்தும் ஊர்களில் விழா பதினெட்டு நாள். வசதி குறைந்த ஊர்களில் அது சுருங்கும். மானாவாரி விவசாயத்தை நம்பிய இந்தப் பகுதியில், விராட பருவத்தைப் படித்தால் மழை பெய்யும் என்ற நம்பிக்கை விழாவுக்குத் தனி அவசரத்தையும் தருகிறது.

விடை இதுதான்: கதை சொல்லும் வேலையையும் கதைக்குள் தங்கும் வேலையையும் இரண்டு வெவ்வேறு கலைஞர்களிடம், இரண்டு வெவ்வேறு பொழுதுகளில் ஒப்படைத்துவிடுவது. பிற்பகலில் பாரதப் பிரசங்கியார், அதாவது நூலைக் கையில் வைத்துக்கொண்டு விருத்தங்களை இராகத்தோடு படித்துப் பொருள் சொல்லும் புலமையாளர், கதையை வரிசை குலையாமல் நடத்திச் செல்கிறார். யார் யாருக்கு உறவு, எந்தச் சாபம் எங்கே பலிக்கிறது, எந்த வரம் யார் கொடுத்தது என்ற கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நீளும் கூத்துக்கு அந்தச் சுமை கிடையாது. பகலில் கேட்ட கதையின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஆழம்வரை இறங்கிப் பார்க்கும் உரிமை அதற்குக் கிடைத்துவிடுகிறது. பாரதம் படிக்கும் வழக்கத்தின் பழமைக்கு, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென நிலப் பங்கு ஒதுக்கியிருப்பதே சான்று. தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட இதே தருமபுரியின் சொந்தப் போர்க்கதையான தகடூர் யாத்திரை, சில பாடல்கள் மட்டும் புறத்திரட்டு போன்ற தொகுப்புகளில் எஞ்ச, முழு நூலாக மறைந்துபோனதையும், வடக்கே நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் குருட்சேத்திரப் போர் இங்கே ஆண்டுக்கு ஆண்டு புதிதாக நடப்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடைவிடாத வாசிப்பும் ஆட்டமும் ஒரு நூலுக்கு எவ்வளவு ஆயுளைத் தருகின்றன என்பது விளங்கும்.

ஒரு துண்டுக்குள் தங்குவது என்றால் என்ன என்பதைத் திரைப் பிரவேசத்தைப் பார்த்தால்தான் உணர முடியும். முதன்மை வேடம் ஒவ்வொன்றும் முதன்முதலாகக் களரிக்கு, அதாவது கூத்து ஆடும் தரைக்கு, வரும்போது இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னாலிருந்து வேடக்காரர் தம் பாத்திரத்தின் பெருமையைத் தாமே படர்க்கையில் பாடுவார். துரியோதனன் வருகையில் திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் அசையும். திரையின் ஓரத்தை ஒரு கை பற்றும். முகவீணை என்னும் சிறு குழலின் கூரிய ஒலியும் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் சேர்ந்து ஏற, பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திரும்பப் பாட, திரை விலகும்போது நிற்பவன் மனித அளவை மீறியவனாக இருப்பான். மென்மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகளும் வண்ணத்தாளும் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டை என்பார்கள். நல்ல கட்டை வேடக்காரர் சுழன்று ஆடும்போது அந்தக் கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியை எல்லாத் திக்கிலும் எறியும். அதன்பின் கட்டியக்காரன், அரசவை அறிவிப்பாளனாகவும் விதூஷகனாகவும் இரவு முழுவதும் களரியிலேயே இருப்பவன், வந்தவரை யார், எந்த ஊர், எதற்காக வந்தீர் என்று கேட்டு வாங்குவான். கதை ஓர் அங்குலமும் நகராமல் அரைமணி நேரம் கழியும். பகலில் கதை கேட்டு முடித்தவர்களுக்கு அந்த அரைமணி நேரம் துரியோதனன் என்ற ஒருவனோடு இருந்து பார்க்கும் காலம்.

திரௌபதியின் துகிலுரியும் காட்சியை ஆடும் துகில் கூத்தில் இந்தத் தங்குதல் இன்னும் கூர்மை பெறுகிறது. சபைக்கு வரச் சொல்லித் துச்சாதனன் அழைப்பதற்கும் கூந்தலைப் பிடித்து இழுப்பதற்கும் இடையே பாட்டும் வசனமுமாக நெடிய தர்க்கம் ஒன்று நிகழும். தர்க்கம் என்பது கூத்தில் இரண்டு பாத்திரங்கள் எதிரெதிரே நின்று நியாயம் பேசும் பகுதி. அண்ணி தாய்க்குச் சமம் என்ற உறவுமுறையைத் திரௌபதி எடுத்துரைக்கும்போது கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு அந்த நியாயத்தைச் சொல்லி விளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அவர்கள் வீடுகளில் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இடையே உள்ள மரியாதை எத்தகையது என்பதை அவர்கள் அறிவார்கள். பல செட்டுகளில், செட்டு என்பது கூத்துக் குழுவுக்கு வழங்கும் பெயர், துச்சாதன வேடக்காரர் துகிலில் கைவைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். கதையின் கொடுமையை நடிப்பதற்கும் அந்தக் கொடுமையைச் செய்யாதிருப்பதற்கும் நடுவே ஒரு நடிகர் நிற்கும் அந்தக் கணத்துக்கு ஈடான ஒன்றை எந்தத் திரைக்கருவியும் இதுவரை உண்டாக்கியதாகத் தெரியவில்லை.

எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்ற வாதம் மறுநாள் காலையில் டீக்கடையிலும் கோயில் திண்ணையிலும் நடக்கும். அதுவும் விழாவின் ஒரு பகுதியாகவே கருதத் தக்கது. வாதிடுவோர் கைக்கொள்ளும் பிரமாணங்கள் பலவகை. பிரசங்கியார் படித்த வில்லிபாரதம் ஒன்று; சென்னையில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றோர் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சந்தைகளில் பரவச் செய்த நாடக, அம்மானைப் புத்தகங்கள் மற்றொன்று; அன்றைய சேலம் மாவட்டத்தில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்கிய தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி எழுதிய வியாசர் விருந்து பள்ளி, நூலகம் வழியாகப் பழகியோருக்கு இன்னொன்று. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடங்களில்தான் வாதம் சூடு பிடிக்கிறது.

கர்ண மோட்சத்தை எடுத்துக்கொண்டால், கர்ணனின் மனைவி பொன்னுருவி என்பவள் வடமொழி மூலத்தில் இல்லை. புகழேந்தியின் பெயரால் வழங்கும் பொன்னுருவி மசக்கை என்னும் மக்கள் இலக்கியத்தின் உலகைச் சேர்ந்தவள் அவள். தேரோட்டி மகன் என்று கணவனை இகழ்ந்து விலகியிருந்தவள், அவன் இறுதிப் போருக்கு விடைபெற வரும் வேளையில் அவனது பிறப்பின் உண்மையை அறிந்து உடையும் காட்சி கூத்தின் உச்சங்களுள் ஒன்று. நூலில் இல்லாததை ஏன் ஆட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எதிராக, கர்ணன் வாழ்நாளெல்லாம் பட்ட இழிவை ஒரே இரவில் காட்ட வேண்டுமானால் அது அவன் வீட்டுக்குள்ளும் இருந்தது என்று காட்டுவதைவிட வேறு வழி என்ன என்று கேட்பவர்களின் பக்கமே வலுவானது. சபையில் ஓரிருவர் சொன்ன சொல்லைவிட, சொந்த வாசலில் கிடைத்த சொல் ஒருவனை ஆழமாகத் தைக்கும் என்பதைக் காட்டி, மூலத்தின் நீளத்தை இழந்த கூத்து அந்த இழப்பை வேறு வழியில் ஈடுகட்டுகிறது.

அரவான் களப்பலி இன்னும் நுட்பமான சிக்கல். மூலத்தில் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இந்த மகன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பா தொடங்கித் தமிழ் மரபு அவனைப் போர் தொடங்கும் முன்பே காளிக்குத் தன்னைத் தந்தவனாகக் காட்டுகிறது. பலியானவன் எட்டாம் நாள் எப்படிப் போரிட்டான் என்று கேட்கும் கூர்மையான பார்வையாளர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு மரபே சாட்சி. பலியிட்ட பின்னும் போரைக் காணும் வரம் அரவானுக்கு உண்டு என்று சேர்த்து, இரண்டு செய்திகளையும் அது இசைவித்துக்கொண்டது. திரௌபதி விரித்த கூந்தலை முடியாமல் காத்திருப்பதாகச் செய்யும் சபதம் மூலத்தின் சூதுச் சபைக் காட்சியில் இல்லை. ஆனால் பாரதியின் பாஞ்சாலி சபதத்தைப் படித்த தமிழருக்கும் விழாவின் இறுதிநாள் நிகழ்வான படுகளத்தைக் கண்ட தருமபுரியாருக்கும் அந்தச் சபதம் இல்லாமல் பாரதமே இல்லை. இத்தகைய இடங்களில் பார்வையாளரின் கேள்விகளே தலைமுறைகளாகக் கதையைத் திருத்தி எழுதியிருக்கின்றன என்று சொல்வது மிகையாகாது.

தொலைக்காட்சிக்கு வந்தபோது பாரதம் சந்தித்த இடர்ப்பாடு, பகலும் இரவும் ஒரே கருவிக்குள் அடைபட்டதால் உண்டானது. 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை தூர்தர்சனில் ஞாயிறுதோறும் ஒளிபரப்பான பி. ஆர். சோப்ராவின் 94 பகுதிகள் கொண்ட தொடரில், வசனம் எழுதிய ராஹி மாசூம் ரசா காலத்தையே கதைசொல்லியாக்கி, உருவமில்லாத ஒரு குரலுக்குப் பிரசங்கியாரின் பணியைக் கொடுத்தார். தொடரின் சிறந்த காட்சிகள் பதற்றமின்றி நிதானமாக நடப்பதற்கு அந்தக் குரல் கதைச் சுமையை ஏற்றுக்கொண்டதும் ஒரு காரணம். 2013இல் விஜய் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலோடு வந்த இந்தித் தொடரையும், அதே ஆண்டு சன் தொலைக்காட்சியில் தமிழிலேயே தொடங்கிய தொடரையும் பார்த்து வளர்ந்த இளையோர் இன்று கூத்துக் களரியின் முன்வரிசையில் அமர்கிறார்கள். சகுனியின் பகைக்குக் காரணம் என்ன, கண்ணன் சிரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பவற்றில் அவர்களுக்குத் தொலைக்காட்சியே பிரமாணமாகிவிட்டதைச் செட்டு வாத்தியார்கள், அதாவது கூத்தைப் பயிற்றுவித்து நடத்தும் ஆசிரியர்கள், வருத்தத்தோடு ஏற்க வேண்டியதில்லை; பெரிய எழுத்துப் புத்தகம் வந்தபோதும் இதே போன்ற ஒரு பிரமாணம்தான் புதிதாக வந்து சேர்ந்தது.

எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்ற இதே வாதம் சீனத்திலும் நடந்திருப்பதைக் காண்பது பயனுடையது. வூ செங்கன் இயற்றியதாகக் கருதப்படும் 16ஆம் நூற்றாண்டு மாயக்கதையான மேற்குப் பயணம், பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வரும் துறவியையும் அவருக்குத் துணைவரும் குரங்கரசன் சுன் வூகோங்கையும் பற்றி 100 அத்தியாயங்கள் கொண்டது. யாங் சியே என்ற பெண் இயக்குநர் 1982இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் எடுத்து, 1986இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர் 25 பகுதிகளில் முடிந்துவிட்டதால், விடுபட்ட சோதனைகள் ஏராளம். ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் அவரே அவற்றுட் சிலவற்றை 16 பகுதிகளாக எடுத்து 2000இல் அளித்தார். முழுமை கூடியது, ஆயினும் மக்கள் மனத்தில் நின்றது முதல் 25 பகுதிகளே. அதற்குக் காரணம் தேடுவோர் குரங்கரசனாக நடித்த லியு சியாவ்லிங்டோங்கைப் பார்க்க வேண்டும்: சாவ்சிங் பகுதி இசைநாடகத்தில் குரங்கு வேடத்துக்கே பெயர்பெற்ற குடும்பத்தில் வந்தவர் அவர். தலை சாய்ப்பிலும் கண் சிமிட்டிலும் விரல் மடிப்பிலும் அவர் கொண்டுவந்தது தலைமுறைகள் களத்தில் நின்று தேய்த்த உடல்மொழி. எத்தனை அத்தியாயம் விடுபட்டது என்ற கணக்கை ஒரு வேடத்தின் நிறைவு பின்னுக்குத் தள்ளிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தமிழில், 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வன் 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு திரைப்படங்களானபோது மணிமேகலை என்ற பாத்திரம் முற்றாக விடுபட்டதைப் பற்றி எழுந்த மனக்குறை இதே அளவுகோலால் நோக்கத் தக்கது: வாசகர் தேடியது பக்கத்தை அன்று, தம்மோடு இருந்த ஓர் ஆளை.

பாரதக் கூத்தின் தழுவல் களரியைத் தாண்டி ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் நாள்கள் இரண்டு. அருச்சுனன் தபசின்போது வேடக்காரர், கயிலையாகக் கொள்ளப்படும் உயர்ந்த கம்பத்தில் பாடியபடியே ஏறி, உச்சியிலிருந்து திருநீற்றையும் எலுமிச்சங்கனிகளையும் வீச, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். பாசுபதம் யாருக்குக் கிடைத்தது என்பதோடு, கனி யாருக்குக் கிடைத்தது என்பதும் அன்றைய கதையாகிவிடும். இறுதி நாளின் படுகளத்தில், வெட்டவெளியில் மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் மல்லாந்து கிடக்க, வீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அந்த உருவத்தைச் சுற்றியும் அதன் மேலும் ஓடிப் போரிட, தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். அதை அடுத்துத் துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரி எழுவதுதான் இந்தத் தழுவலின் பெருந்தன்மை: பதினெட்டு நாள் பகைவனாக ஏசப்பட்டவனுக்காக ஊர்ப்பெண்கள் தம் வீட்டுச் சாவுக்கு அழுவதுபோல் அழுவார்கள். மாலையில் தீமிதி.

அரசு விழாக்களுக்காகவும் நகர மேடைகளுக்காகவும் கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கும் வழக்கம் இப்போது பெருகியிருப்பதால், எதை வெட்டுவது என்ற கேள்வி செட்டுகளுக்கு அன்றாடக் கேள்வியாகிவிட்டது. பெரும்பாலும் திரைப் பிரவேசத்தைக் குறைத்து, சம்பவங்களை அடுக்கி, கதை முழுவதையும் ஓட்டிக் காட்டவே ஏற்பாட்டாளர்கள் விரும்புகிறார்கள். இது தலைகீழான சிக்கனம். பகல் பிரசங்கம் இல்லாத மேடையில், பார்ப்பவருக்குக் கதை தெரியாது என்ற அச்சம் நியாயமே. அதைத் தீர்க்கக் கட்டியக்காரனின் ஐந்து நிமிட முன்னுரை போதும். எஞ்சிய ஐம்பத்தைந்து நிமிடத்தையும் ஒரே வேடத்தின் வருகைக்கும் ஒரே தர்க்கத்துக்கும் கொடுத்துவிடலாம். கதையின் மீதியைத் தெரிந்துகொள்ள விரும்புவோர்க்குப் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் கோடைப் பந்தல்கள் இருக்கின்றன.